டூயல் ஸ்போர்ட் பைக்குக்கு ஆஃப்ரோடு டயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411, ஹிமாலயன் 450, கேடிஎம் 390 அட்வென்ச்சர் போன்ற வண்டிகள் தார் ரோட்டிலும் மண்ணிலும் ஓடுவதற்காகக் கட்டப்பட்டவை. இவற்றுக்கு டயர் மாற்ற நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். டயரின் மேல் இருக்கும் ரப்பர் கட்டிகளை நம் பஞ்சர் கடைகளில் சொல்வதுபோலவே பட்டன் என்று குறிப்பிடுகிறோம்.

வண்டியோடு வந்த டயரே போதாதா?

பெரும்பாலானவர்களுக்குப் போதும். கம்பெனியிலிருந்து வரும் டயர் தார் ரோடு, சரளை, காய்ந்த மண் பாதை எல்லாவற்றுக்கும் நடுத்தரமாக ஈடுகொடுக்கும். அது கைவிடும் இடங்கள் சேறு, ஆழமான மணல், ஈரமான புல் மூடிய மேடு ஆகியவைதான். மாதத்துக்கு ஒருமுறைகூட இவற்றில் இறங்காதவர் டயருக்குச் செலவழிக்கும் பணத்தை நல்ல பிரஷர் கேஜ், கையடக்கக் காற்றுப் பம்பு, டயர் லீவர் ஆகியவற்றில் போட்டால் அதிகப் பலன் உண்டு. காற்றைச் சரியாகக் குறைத்த சாதாரண டயர், தார் ரோட்டுக்கான காற்றோடு மண்ணில் இறங்கும் முழுப் பட்டன் டயரைவிட நன்றாகப் பிடிக்கும் இடங்கள் நிறைய.

டயர் தேய்ந்து எப்படியும் மாற்ற வேண்டிய நேரம் வரும்போதுதான் இந்தக் கேள்வியை எடுக்க வேண்டும். தோற்றத்துக்காகப் புது டயரைக் கழற்றிப் போடுவது வீண்.

50/50, 80/20 என்று போட்டிருக்கிறார்களே, அதை நம்பலாமா?

முதல் எண் தார் ரோட்டுக்கு, இரண்டாவது எண் மண்ணுக்கு என்பது வழக்கம். ஆனால் இதை அளந்து சொல்லும் பொதுத் தரம் எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியின் 50/50 இன்னொரு கம்பெனியின் 70/30 போல இருக்கும். மிஷலின் அனாக்கி வைல்டு 50/50 என்றே விற்கப்படுகிறது. கான்டினென்டல் டிகேசி 80 அதைவிடச் சற்று மண் பக்கம் சாய்ந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பட்டனின் உயரம், பட்டன்களுக்கு இடையே உள்ள வெற்றிடம் இரண்டிலும் வித்தியாசம் தெரியும்.

கண்ணால் பார்த்தே ஓரளவு முடிவு செய்யலாம். பட்டன் மீது கட்டைவிரலை வைத்துப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். எளிதாக வளைந்தால் மண்ணில் கடிக்கும்; தார் ரோட்டில் வளைவில் சாயும்போது நெளியும், சீக்கிரம் தேயும். டயரின் நடுவில் பட்டன்கள் ஒன்றோடொன்று ரப்பர் பாலத்தால் இணைந்திருந்தால் நெடுஞ்சாலையில் ஆயுள் கூடும். தனித்தனியாக நின்றால் சேற்றில் சுத்தமாகும்.

நூறு கிலோமீட்டர் மண் பாதைக்காக ஐந்நூறு கிலோமீட்டர் நான்குவழிச் சாலையில் போக வேண்டியிருந்தால் உங்கள் தேவை 80/20தான். வீட்டு வாசலிலேயே மண் தொடங்குபவருக்குத்தான் முழுப் பட்டன் கட்டுப்படியாகும்.

டயரின் பக்கவாட்டில் உள்ள எண்களை எப்படிப் படிப்பது?

ஹிமாலயன் 411-இன் பின் டயரில் 120/90-17 64 எஸ் என்று இருந்தால், அகலம் 120 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 90 சதவீதம், ரிம் 17 அங்குலம். 64 என்பது சுமைக் குறியீடு. அதன்படி 280 கிலோ தாங்கும். எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர் வரை. முன் டயரில் வரும் 54 என்ற குறியீட்டுக்கு 212 கிலோ.

சுமைக் குறியீட்டை யாரும் கவனிப்பதில்லை, கவனிக்க வேண்டும். 199 கிலோ வண்டி, இரண்டு பேர் சேர்ந்து 140 கிலோ, மூட்டை 20 கிலோ என்றால் மொத்தம் 359 கிலோ. இருவர் உட்கார்ந்து பின்னால் மூட்டையும் கட்டினால் ஏறத்தாழ 65 சதவீதம் பின் சக்கரத்தில் விழும். அது 233 கிலோ. 64 குறியீட்டுக்கு இடம் இருக்கிறது. மண் பந்தயத்துக்கான மோட்டோகிராஸ் டயர்கள் பலவற்றின் குறியீடு இதைவிடக் குறைவு. அதைப் போட்டு ஆளும் மூட்டையும் ஏற்றி நெடுஞ்சாலையில் ஓட்டினால் உள்ளே சூடேறிப் பட்டன் பிய்ந்து போகும்.

ரிம் எண்ணுக்கு முன் சிறு கோடு மட்டும் இருந்தால் குறுக்கு நூல் அமைப்பு, ஆர் எழுத்து இருந்தால் ரேடியல். வண்டிக்கு எது வந்ததோ அதையே தொடருங்கள். முன்னால் ஒன்று பின்னால் வேறொன்று என்று கலக்க வேண்டுமானால் டயர் கம்பெனி அந்த ஜோடியை அனுமதித்திருக்க வேண்டும்.

ஒரு அளவு பெரிய டயர் போடலாமா?

கணக்குப் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். எக்ஸ்பல்ஸ் 200-இன் பின் டயர் 120/80-18. ரிம் 457 மில்லிமீட்டர், இரு பக்கச்சுவர் சேர்ந்து 192 மில்லிமீட்டர், மொத்த விட்டம் 649. அதற்குப் பதில் 120/90-18 போட்டால் 673. விட்டம் 24 மில்லிமீட்டர் கூடும். வண்டியின் பின்பக்கம் 12 மில்லிமீட்டர் உயரும். பல்சக்கரத்தை மாற்றாமலேயே கியர் விகிதம் சுமார் 3.7 சதவீதம் நீளும். ஏற்றத்தில் முதல் கியரின் இழுவை குறைந்தது போலத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது இடைவெளி. வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, டயருக்கும் பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்முக்கும், டயருக்கும் செயினுக்கும், டயருக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். ஓடும்போது டயர் சற்று விரியும், சேறும் ஒட்டும். குறைந்தது 10 மில்லிமீட்டர் மிச்சம் வேண்டும். செயினை இறுக்கச் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்தால் இந்தக் கணக்கு மாறும். அதனால் சக்கரம் முன்னே இருக்கும் நிலையிலேயே அளக்க வேண்டும்.

அகலத்தைக் கூட்டுவதில் பெரும்பாலும் லாபம் இல்லை. குறுகிய ரிம்மில் அகலமான டயரை மாட்டினால் விளிம்புகள் உள்ளே இழுபட்டு மேல்பகுதி முட்டை போல உருண்டுவிடும். ஓரப் பட்டன்கள் தரையைத் தொடாமல் போகும். சேற்றிலும் சற்றுக் குறுகலான டயர்தான் கீழே இருக்கும் கெட்டி மண்ணைத் தேடிப் பிடிக்கும்.

எந்த மண்ணுக்கு எந்த மாதிரிப் பட்டன்?

கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் கோடையில் பாறை போல வெடித்துக் கிடக்கும். எந்த டயரும் ஓடும். நல்ல மழை ஒன்று பெய்துவிட்டால் நிலைமை தலைகீழ். கரிசல் களிமண் நீரை உறிஞ்சி வீங்கிப் பசை போல ஆகிவிடும். பட்டன்களுக்கு இடையே போய் அடைத்துக்கொண்டு நான்கு சுற்றில் டயரை மொழுமொழுவென்று ஆக்கிவிடும். இங்கே பட்டனின் உயரத்தைவிட இடைவெளி முக்கியம். இடைவெளி அதிகமுள்ள டயர் சுழலும் வேகத்தில் மண்ணை வீசி எறிந்து தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். நெருக்கமான 80/20 டயருக்கு அந்த வாய்ப்பே இல்லை.

கரிசலில் இன்னொரு சிக்கலும் உண்டு. டயரை ஒட்டி இறங்கியிருக்கும் முன் மட்கார்டுக்குள் மண் அடைத்து முன் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். உயரமான பட்டன் டயரைப் போட்டால் இருக்கிற இடைவெளியும் குறையும். அடிக்கடி சேற்றில் போகிறவர்கள் தாழ்வான மட்கார்டைக் கழற்றிவிடுகிறார்கள் அல்லது உயரமானதாக மாற்றுகிறார்கள். ஈரம் காயாத கரிசலில் எந்த டயரோடும் இறங்காமல் இருப்பது இன்னும் நல்லது. அரை நாள் வெயில் அடித்தால் அதே பாதை வழிவிடும்.

தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டுச் செம்மணல் வேறு ரகம். திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் பக்கம் காற்று குவித்த மணல் அது. மணலில் பட்டன் வடிவத்தைவிட டயர் எவ்வளவு பரந்து மிதக்கிறது என்பதே முக்கியம். காற்றைக் குறைத்தால் தரையைத் தொடும் பகுதி நீளும். முன் சக்கரத்தில் தனித்தனிப் பட்டன் இருந்தால் திருப்பும்போது கோடு பிடித்துப் போகும். வழுவழுப்பான முன் டயர் கலப்பையின் கொழு போல மணலுக்குள் இறங்கிவிடும். அங்கே காப்புக்காடாக உள்ள பகுதிகளில் அனுமதியில்லாமல் வண்டி இறக்கக் கூடாது.

செம்மண்ணும் சரளையும் கலந்த பாதைகள்தான் தமிழ்நாட்டில் அதிகம். கெட்டியான தரையின் மேல் கோலிக்குண்டு போலக் கற்கள் உருளும். நடுத்தர உயரப் பட்டன், ஓரத்தில் நன்கு தெரியும் விளிம்பு, சற்றுக் குறைந்த காற்று இவை போதும்.

ஸ்பிதிக்குப் போகும் கிராம்பூ, பாத்தல் பாதை போலப் பெரிய கற்கள் நிறைந்த இடத்தில் பக்கச்சுவரின் வலுதான் காப்பாற்றும். அங்கே மெல்லிய பக்கச்சுவர் கொண்ட இலகுவான டயர் கிழிந்துபோகும். பட்டன் எவ்வளவு உயரமாக இருந்தும் பயன் இல்லை.

மழையில் தார் ரோட்டில் பட்டன் டயர் வழுக்குமா?

வழுக்கும். ரோட்டைத் தொடும் ரப்பரின் பரப்பு குறைவு, பட்டன்களும் நெளியும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் நனைந்த ரோட்டில் இறங்கும்போது, சாதாரண டயரில் எடுத்த சாய்வை இதில் எடுக்க முடியாது. பிரேக்கை முன்கூட்டியே, மெதுவாகக் கூட்டிப் பிடிக்க வேண்டும். ரோட்டில் வரைந்த வெள்ளைக் கோடு, பாலத்து இரும்பு இணைப்பு, டீசல் சிந்திய இடம் ஆகியவற்றில் கூடுதல் கவனம் தேவை.

காற்று எவ்வளவு வைக்க வேண்டும்?

தார் ரோட்டில் வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும் அளவு. அதில் வாதமே வேண்டாம். பட்டன் டயரில் காற்றைக் குறைத்து நெடுஞ்சாலையில் ஓட்டினால் சூடேறும், பட்டன்களின் வேரில் விரிசல் விழும்.

மண்ணில் இறங்கும்போது அந்த அளவிலிருந்து ஐந்தில் ஒரு பங்கைக் குறையுங்கள். முன்னால் 25 பிஎஸ்ஐ என்றால் 20, பின்னால் 32 என்றால் 25 அல்லது 26. சேற்றிலும் மணலிலும் இன்னும் கீழே போகலாம். ஆனால் ட்யூப் டயரில், டயர் விளிம்பை ரிம்மோடு கவ்விப் பிடிக்கும் ரிம் லாக் இல்லாமல் 18-க்குக் கீழே போகாதீர்கள். காற்று குறைந்த டயர் முடுக்கும்போது ரிம்மின் மேல் நழுவிச் சுற்றும். உள்ளே இருக்கும் ட்யூபையும் இழுத்துக்கொண்டு போகும். வால்வ் ரிம் துளையில் மாட்டிக்கொண்டு வேரோடு கிழியும். அப்படிக் கிழிந்த ட்யூபை ஒட்ட முடியாது. ரிம் லாக் போட்டிருந்தால் 15 வரை, ஆழமான மணலில் மெதுவாகப் போவதற்கு மட்டும்.

இதோடு சேர்ந்த சின்ன விஷயம்: வால்வ் நட்டை ரிம்மோடு சேர்த்து இறுக்காதீர்கள். மேலே தள்ளி மூடியோடு சேர்த்துப் பூட்டிவையுங்கள். டயர் நழுவினால் வால்வ் சாய்ந்து காட்டிக்கொடுக்கும். நட்டு ரிம்மில் இறுகியிருந்தால் கிழிந்த பிறகுதான் தெரியும்.

காற்று குறைவாக இருக்கும்போது கல்லில் மோதினால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே ட்யூப் நசுங்கும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டைகள், பாம்பு கடித்தது போல. அதைக் கண்டால் ஆணியைத் தேட வேண்டாம். அந்த வேகத்துக்கு அந்தக் காற்று போதவில்லை என்று அர்த்தம். கற்பாதையில் 22-க்கு மேல் வைத்து வேகத்தைக் குறைப்பதே சரி.

லடாக் போகிறவர்கள் உயரம் ஏறக் காற்று கூடும் என்று பயப்படுவார்கள். வெளிக்காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் 14.7 பிஎஸ்ஐ; 5,359 மீட்டர் உயரமுள்ள கர்துங் லாவில் அது ஏறத்தாழ 7.5. எனவே மானி 7 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆனால் 35 டிகிரி வெயிலில் 30 பிஎஸ்ஐ அடித்த டயர் உறைநிலைக் குளிருக்கு வரும்போது 5 பிஎஸ்ஐ குறையும். ஒன்றை மற்றொன்று பெருமளவு கழித்துவிடுகிறது. வழியில் குருட்டுத்தனமாகக் காற்றை இறக்காமல், காலையில் குளிர்ந்த டயரில் அளந்து சரிசெய்யுங்கள்.

ட்யூப் டயரா, ட்யூப்லெஸ்ஸா?

390 அட்வென்ச்சரின் அலாய் சக்கர மாடலுக்கு ட்யூப்லெஸ். பஞ்சர் ஆனால் சக்கரத்தைக் கழற்றாமல் பத்து நிமிடத்தில் திரி குத்திவிடலாம். எக்ஸ்பல்ஸ் 200, ஹிமாலயன் 411 இரண்டும் ஸ்போக் ரிம், ட்யூப். ஹிமாலயன் 450-க்கு ட்யூப்லெஸ் ஸ்போக் சக்கரம் தனித் தேர்வாகக் கிடைக்கிறது.

சாதாரண ஸ்போக் ரிம்மின் நிப்பிள்களை (ஸ்போக்கை ரிம்மில் இறுக்கும் சிறு நட்டுகள்) டேப் ஒட்டி அடைத்து ட்யூப்லெஸ் ஆக்குவது சிலரது வழக்கம். காற்று நிற்கும். ஆனால் ட்யூப்லெஸ் ரிம்மில் டயர் விளிம்பை இடத்தில் பிடித்துவைக்க ஒரு வரப்பு இருக்கும். ட்யூப் ரிம்கள் பலவற்றில் அது கிடையாது. மண்ணில் காற்றைக் குறைத்து ஓட்டும்போது விளிம்பு உள்ளே நழுவினால் ஒரே நொடியில் முழுக் காற்றும் போய்விடும். அது முன் சக்கரத்தில் நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வரப்பு இல்லாத ரிம்மில் இதைச் செய்யாதீர்கள்.

ட்யூப்லெஸ் டயரை ட்யூப் போட்டு ஸ்போக் ரிம்மில் ஓட்டலாம்.

முன்னால் ஒரு மாதிரி, பின்னால் ஒரு மாதிரி போடலாமா?

ஒரே வகை நூலமைப்பாக இருந்தால் போடலாம். பணம் அளவாக இருக்கும்போது நல்ல வழியும்கூட. அப்போது முன் சக்கரத்துக்குப் பட்டன் கூடுதலானதைக் கொடுங்கள். பின் சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம், முன் சக்கரம் வழுக்கினால் விழுவோம். முன் டயர் மெதுவாகத் தேய்வதால் செலவும் கட்டுப்படும்.

கடையில் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

தயாரித்த தேதி. பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும்; 2424 என்றால் 2024-ஆம் ஆண்டின் 24-ஆவது வாரம். ஆஃப்ரோடு டயர்கள் மெதுவாக விற்பவை, அதனால் பழைய சரக்கு கிடைக்கும் வாய்ப்பு அதிகம். இரண்டு வருடத்துக்கு உட்பட்டதாகக் கேளுங்கள். பட்டன்களின் வேரில் மெல்லிய வெடிப்பு இருந்தால் தள்ளுபடி விலைக்கும் வேண்டாம். கயிறு கட்டி மடக்கி அனுப்பியதால் டயர் விளிம்பு கோணியிருக்கிறதா என்றும் பாருங்கள். புது டயரோடு புது ட்யூபும் வாங்கிவிடுங்கள். ஓடிய ட்யூப் விரிந்திருக்கும், புது டயருக்குள் மடிப்பு விழுந்து அந்த மடிப்பிலேயே தேய்ந்து ஓட்டையாகும்.

மாட்டும்போது எங்கே தவறு நடக்கிறது?

பஞ்சர் கடையில் மாட்டினாலும் பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் ரிம்முக்குள் இருக்கும் ரப்பர் பட்டை எல்லா நிப்பிள்களையும் மூடியிருக்க வேண்டும். ஒரு நிப்பிள் வெளியே தெரிந்தாலும் அது ட்யூபைக் குத்தும். ட்யூபில் முகப்பவுடர் தூவி, உருண்டை வடிவம் வரும் அளவுக்குக் கொஞ்சம் காற்று அடித்து உள்ளே வையுங்கள்; வெறும் ட்யூபை வைத்தால் லீவர் நிச்சயம் கவ்வும்.

டயரில் உள்ள அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையைக் காட்ட வேண்டும். முன் டயரின் பட்டன் கோலம் பின் டயருக்கு எதிர்த்திசையில் இருப்பது போலத் தோன்றலாம். முன்னது பிரேக் பிடிக்க, பின்னது தள்ளுவதற்கு; கோலத்தை நம்பாமல் அம்பை நம்புங்கள். மஞ்சள் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேராக வர வேண்டும்.

இரண்டாவது விளிம்பை வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வில் முடியுங்கள். கடைசிப் பகுதி இறுகும்போது லீவரில் பலம் போடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஏற்கெனவே உள்ளே போன பகுதியை முழங்காலால் அழுத்தி ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறக்குங்கள். அங்கே கிடைக்கும் தளர்வு மறுபக்கத்துக்கு வந்துசேரும். லீவர் லேசாகப் போகும். சோப்புத் தண்ணீர் போதும், கிரீஸ் தடவாதீர்கள். கிரீஸ் காயாது, டயர் ரிம்மில் நழுவும்.

காற்று அடித்தபின் ரிம் ஓரத்தை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் உள்ளே புதைந்திருந்தால் விளிம்பு அமரவில்லை. காற்றை இறக்கி, சோப்பு போட்டு மறுபடி ஏற்றுங்கள். டயரில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டாதீர்கள். சக்கரத்தைக் கழற்றியிருக்கும்போதே தளர்ந்த ஸ்போக், பேரிங் இரண்டையும் சோதியுங்கள். லீவர் பட்டு ஏபிஎஸ் வளையம் வளைந்தால் பிழை விளக்கு எரியும். அந்தப் பக்கம் தரையில் படாதபடி சக்கரத்தைக் கட்டையின் மேல் வைத்து வேலை செய்யச் சொல்லுங்கள்.

புது டயரை எத்தனை கிலோமீட்டர் பதமாக ஓட்ட வேண்டும்?

150 முதல் 200 வரை. அச்சிலிருந்து எடுக்கப் பூசிய வழுக்கும் படலம் போக வேண்டும், பட்டன்களும் இளக வேண்டும். அதுவரை சாய்வும் பிரேக்கும் மென்மையாக.

டயர் நல்லதா என்று நானே எப்படி மதிப்பிடுவது?

தெரிந்த பாதையில், தெரிந்த காற்றழுத்தத்தில், ஒரே சுமையோடு. இந்த மூன்றும் மாறினால் நீங்கள் டயரை அளக்கவில்லை.

காலையில் குளிர்ந்த நிலையில் காற்றைக் குறித்துக்கொண்டு, அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு உடனே மறுபடி அளங்கள். 10 சதவீதம் அளவுக்குக் கூடியிருந்தால் சரி. 32 பிஎஸ்ஐ 38, 39 என்று ஏறியிருந்தால் அந்தச் சுமைக்கு ஆரம்பக் காற்று போதவில்லை, டயர் அதிகம் நெளிகிறது. இரண்டு பிஎஸ்ஐ கூட்டி மறுநாள் அளங்கள்.

அடுத்து, ஆள் நடமாட்டம் இல்லாத சரளை மைதானத்தில் மணிக்கு 30 கிலோமீட்டரில் வந்து, குறித்த இடத்தில் பிரேக் பிடித்து நிற்கும் தூரத்தைக் காலடியால் அளங்கள், மூன்று முறை. பழைய டயரிலும் இதைச் செய்து வைத்திருந்தால்தான் ஒப்பிட முடியும். தார் ரோட்டில் 60-லிருந்து 80-க்கு ஏறும்போது கைப்பிடி ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் டயரைக் குறை சொல்லும் முன் பேலன்ஸையும் விளிம்பு அமர்ந்த விதத்தையும் சோதியுங்கள்.

தேய்மானத்துக்குப் பட்டன் ஆழ மானி வேண்டும், விலை அதிகமில்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை நடுவில் மூன்று இடங்களில் அளங்கள். 10 மில்லிமீட்டர் பட்டன் 3,000 கிலோமீட்டரில் 7.5 ஆனால், ஒரு மில்லிமீட்டருக்கு 1,200 கிலோமீட்டர். 4 மில்லிமீட்டரில் மண்ணுக்கு உதவாது என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 7,200. டயரின் விலையை இதால் வகுத்தால் கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று வந்துவிடும். விலை மலிவான டயர் இந்தக் கணக்கில் பல நேரம் தோற்கும்.

சத்தமும் மைலேஜும்?

பட்டன் டயர் 50-க்கு மேல் ஓலமிடும், அது பழுதில்லை. உருளும் எதிர்ப்பு கூடுவதால் மைலேஜ் கொஞ்சம் குறையும். ஓலம் நாளுக்கு நாள் கூடினால் முன் டயரின் பட்டன்களைத் தடவிப் பாருங்கள். ஒவ்வொரு பட்டனும் ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்து ரம்பம் போல இருந்தால், காற்று குறைவாக ஓடியிருக்கிறது அல்லது முன் பிரேக் அதிகம் வேலை செய்திருக்கிறது.

எப்போது மாற்ற வேண்டும்?

சட்டத்துக்கான அடையாளம் பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மான மேடு. பட்டன் அதன் உயரத்துக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது. மண்ணில் அதற்கு வெகு முன்பே முடிந்துவிடும். பட்டனின் முன்விளிம்பு கூர்மை போய் உருண்டுவிட்டால் உயரம் இருந்தும் கடிக்காது. பட்டன் வேரில் கிழிசல், பக்கச்சுவரில் கொப்புளம், நூல் தெரியும் வெட்டு, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆழத்தைப் பார்க்காமல் மாற்றுங்கள். மழைக்காலத்துக்கு முன் பாதி தேய்ந்த பின் டயரைக் கழற்றிப் பத்திரப்படுத்தி, கோடையில் கெட்டித் தரையில் ஓட்டித் தீர்ப்பவர்கள் உண்டு. வெயில் படாத இடத்தில் நிற்க வைத்து, மாதம் ஒருமுறை உருட்டி வைத்தால் அந்த டயர் அடுத்த கோடைக்குக் கெடாமல் இருக்கும்.